பகலில் இறக்காத கொடி

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்று சொல்லிவைத்தவர்கள் யாரும் கப்பற்படைக்காரரோடு குடித்தனம் நடத்தியிருக்க மாட்டார்கள். சுபத்ரா நடத்தினாள். அவள் வீட்டுக்காரர் தினகரன் பதினைந்து வருஷம் நேவியில் சிக்னல் வேலை பார்த்துவிட்டு வந்தவர். கப்பலுக்குக் கப்பல் கொடி காட்டிப் பேசுகிற வேலை. ஒரு கொடி இடம் மாறினால் அர்த்தமே மாறிப்போகும் என்கிற உலகத்திலிருந்து வந்த மனிதரிடம், 'மேடவாக்கத்துல டிராஃபிக், கொஞ்சம் லேட்டாகும்னு சொல்லுங்க' என்று சம்பந்தி வீட்டுக்கு ஒரு சின்னப் பொய் சொல்லச் சொன்னாலும் நடக்காது. "நாங்க இன்னும் வூட்ட வுட்டே கெளம்பல சம்பந்தி, சுபா பொடவை கட்டிகினு கீறா" என்று போனில் பட்டென்று உடைத்துவிடுவார். சுபத்ரா தலையில் அடித்துக்கொள்வாள். அடித்துக்கொண்டு அடித்துக்கொண்டு அந்த இடத்தில் முடியே கொட்டிப்போயிற்று என்பது அவள் கட்சி.

மகள் அனுப்பிரியாவின் கல்யாணப் பேச்சு என்னவோ பெரிய தடங்கல் இல்லாமல்தான் வந்தது. பையன் குமரவேல் அவளோடு ஓ.எம்.ஆரில் ஒரே கம்பெனியில் வேலை செய்கிறவன். இரண்டு பேரும் வந்து சொன்னார்கள், இரண்டு வீடும் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு இறங்கிவந்தது. பையனின் அப்பா ஜெயகிருஷ்ணன் ஏர் ஃபோர்ஸில் முப்பது வருஷம் இருந்து, தாம்பரம் ஸ்டேஷனிலேயே ரிட்டயர் ஆகி, சேலையூரில் வீடு கட்டிக்கொண்டவர். இவரும் பட்டாளம், அவரும் பட்டாளம், நல்ல பொருத்தம்தான் என்று ஊரே சொன்னது. சுபத்ராவும் நம்பினாள். ஒரே உறையில் இரண்டு கத்தி என்று அவளுக்கு அப்போது தோன்றாமல் போனது.

வினை ஃப்ளெக்ஸ் ரூபத்தில் வந்தது. காதுகுத்திலிருந்து கருமாதி வரைக்கும் தாம்பரத்தில் ஃப்ளெக்ஸ் இல்லாமல் எதுவும் நடப்பதில்லை. நிச்சயதார்த்த ஃப்ளெக்ஸில் ஒரு மூலையில் ஏர் ஃபோர்ஸ் கொடியைப் போடவேண்டும் என்று ஜெயகிருஷ்ணன் ஆசைப்பட்டார். வெளிர்நீலம், மேல் மூலையில் மூவர்ணம், பக்கத்தில் வட்டத்துக்குள் வட்டமாக ஆரஞ்சு, வெள்ளை, பச்சை. ஏர் ஃபோர்ஸ்காரர் வீட்டு விசேஷத்தில் அது ஒன்றும் புதிதில்லை. உடனே தினகரன், அப்படியானால் இன்னொரு மூலையில் நேவி கொடி என்றார். அதுவும் இடது மூலையில் என்றார்.

"ஆர்மி, நேவி, ஏர் ஃபோர்ஸ். அதான் சீனியாரிட்டி. பரேட்லயே அப்டித்தான் போவோம்" என்றார்.

"நிச்சயத்துல மாப்ள வூடுதாங்க சீனியர்" என்று சுபத்ரா சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

மேற்குத் தாம்பரத்தில் ஃப்ளெக்ஸ் கடைக்கு அவளும் கூடத்தான் போயிருந்தாள். பக்கத்துத் தெரு டெய்லரிடம் ஜாக்கெட் வாங்கவேண்டியிருந்தது. கடைக்காரர் கம்ப்யூட்டரில் நேவி கொடி என்று தேடி எடுத்துக் காட்டினார். வெள்ளைத் துணி, மூலையில் மூவர்ணம், நீல நிறத்தில் எட்டு மூலைக் கட்டம், அதற்குள்ளே தங்க நிற நங்கூரம். பார்க்க லட்சணமாகவே இருந்தது. சுபத்ரா தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதிக்குத் துணி தைக்கிற கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறவள். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான சட்டைகளைத் திருப்பிப் பார்க்கிற கண்ணுக்கே அதில் குறை தெரியவில்லை.

"இது வேணாம்" என்றார் தினகரன்.

"சார், இதான் இப்போ கீற கொடி. ரெண்டாயிரத்து இருபத்திரண்டுல மாத்திட்டாங்க. நீங்க நியூஸ் பாக்கலியா?"

"பாத்தேன். நான் வெளிய வந்து எத்தினியோ வருசம் கழிச்சி வந்தது இது. நான் ஏத்தி எறக்குனது வேற. செவப்பு குறுக்கு கோடு போட்டது. அத்த எடு."

கடைக்காரர் எடுத்தார். வெள்ளைத் துணி, மூலையில் மூவர்ணம், நட்டநடுவில் மேலிருந்து கீழாகவும் பக்கவாட்டிலும் ரத்தச் சிவப்பில் இரண்டு பட்டை. சுபத்ரா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க, சிலுவை கணக்கா கீதுங்க. உங்க அண்ணன் பாத்தாருன்னா பேஜாரா பூடும்."

"அது சிலுவை இல்ல சுபா, கொடி."

"அது உங்குளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். செம்பாக்கத்துல உங்க சொந்தக்காரங்களுக்கு யார் பாடம் எடுக்கறது? அந்த நங்கூரத்தப் போட்டா இன்னா கொறைஞ்சா பூடுவீங்க?"

"அதுக்கு நான் சல்யூட் அடிச்சதில்ல. அடிக்காத கொடிய என் பேருக்கு மேல போட்டுக்கினா அது பொய்."

அங்கேயே உட்கார்ந்து அதை அழிக்கவைத்திருக்கவேண்டும். டெய்லர் கடை சாத்துகிற நேரம் என்று அவள் கிளம்பிவிட்டாள். ஜாக்கெட் கைப்பக்கம் இறுக்கமாக வேறு இருந்தது.

நிச்சயம் ஆவணி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அகரம்தென் ரோட்டில் ஒரு சின்ன ஹால். ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரைக்கும் ராகு காலம் என்பதால் ஆறுக்கு மேல் தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. வாத்தியாருக்கு அதற்கப்புறம் பல்லாவரத்தில் இன்னொரு விசேஷம். ஏழரைக்கு மேல் ஒரு நிமிஷம் இருக்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

சுபத்ரா மத்தியானமே ஹாலுக்கு வந்துவிட்டாள். புழுக்கம் ஆளை வேகவைத்தது. தண்ணி லாரி வரவில்லை. வந்ததும் மோட்டார் ஓடவில்லை. ஹாலைப் பெருக்கித் துடைக்கிற ஹில்டாதான் ஒரு குச்சியால் அதைத் தட்டி ஓடவைத்தாள். சீர்த்தட்டுகளை அடுக்கி, ஆப்பிளை ஒரே பக்கம் பார்க்கத் திருப்பி, வெற்றிலையை ஈரம் போகத் துடைத்து வைத்துவிட்டு, சமையல் கட்டில் கேசரிக்கு ரவை வறுபடுகிற வாசனையில் ஒரு வாய் காபி குடிக்கலாம் என்று அவள் உட்கார்ந்தபோது போன் அடித்தது. தினகரனின் அண்ணன் ஜெயவேலு. செம்பாக்கத்தில் நிலத்தை விற்று, நிலம் வாங்கி, மறுபடியும் விற்று, அந்தக் குடும்பத்துக்கே தலையாக இருக்கிறவர்.

"இன்னாம்மா சுபத்ரா, அட்ரஸ் மாறி வந்துட்டமா?"

"இல்ல மாமா, எங்க கீறீங்க?"

"எதுத்தாப்ல. கரும்பு ஜூஸ் கடையாண்ட. வேன் நெறைய சனத்த இட்டுகினு வந்து நிக்கறேன். மேல தலய தூக்கிப் பாத்தா சர்ச்சு கணக்கா சிலுவை தொங்குது. கீழ என் போட்டோ. உன் புருசன் எப்ப மாறுனான்? சொல்லியிருந்தா கேக்கு வாங்கிகினு வந்திருப்பேன்."

சுபத்ரா காபியை வைத்துவிட்டு ஓடினாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பட்டுப்புடவையும் வேட்டியுமாக இருபது பேர் வெயிலில் நின்றார்கள். இந்தப் பக்கம் ஹாலின் முதல் மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து கயிறு கட்டி அந்த ஃப்ளெக்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது. நடுவில் அனுப்பிரியாவும் குமரவேலும் பல் தெரியச் சிரித்தார்கள். வலது மூலையில் வெளிர்நீலக் கொடி யாருக்கும் கெடுதல் இல்லாமல் இருந்தது. இடது மூலையில் அந்தச் சிவப்புப் பட்டை, கடைக்காரர் தாராள மனசோடு பெரிதாகவே அடித்திருந்தார்.

ரோட்டைத் தாண்டி அவரிடம் போனாள். "மாமா, அது நேவி கொடி மாமா. அவரு காலத்துல இருந்தது."

"எதுவா வேணா இருக்கட்டும்மா. கல்யாணத்த குன்றத்தூர் முருகன் சன்னதில வெச்சிக்கறதா வேண்டிகினு, நிச்சயத்துக்கு சிலுவைக்கு அடில நொழைஞ்சா நல்லாவா இருக்கும்? எனக்கு யார் மேலயும் விரோதம் கெடயாது. என் பார்ட்னரே கிறிஸ்டியன்தான். ஆனா நம்ம வூட்டு நல்ல காரியத்துக்கு அது எதுக்கு? கெழவிங்கல்லாம் கேக்குதுங்க. எறக்கச் சொல்லு. ராகு காலம் முடியறதுக்குள்ள எறக்கிட்டா, நாங்க பாட்டுக்கு உள்ள வந்துடறோம்."

சரி, இது ஒரு தலைவலிதானே என்று அவள் திரும்பினால், ஜெயகிருஷ்ணனின் கார் வந்து நின்றது. இறங்கினவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் மேலே பார்த்தார். வாசலில் வரவேற்க நின்ற தினகரன் கும்பிட்டது அவர் கண்ணில் படவில்லை.

"சம்பந்தி, என்ன இது?"

"நேவி என்சைன் சம்பந்தி. கப்பல்ல ஏத்தற கொடி."

"அது எனக்குத் தெரியாதா? எந்த வருஷத்து என்சைன்? இதை எடுத்துட்டாங்களே. இங்கிலீஷ்காரன் வச்ச சிலுவை வேண்டாம்னுதானே புதுசு கொண்டுவந்தாங்க. எங்க வெடரன்ஸ் குரூப்ல நூத்தம்பது பேர் இருக்காங்க. அதுல நாலு பேர் இங்க வரப்போறாங்க. ஒருத்தன் போட்டோ எடுத்துப் போட்டா நான் என்ன பதில் சொல்றது? லெஃப்ட்ல உங்களது, ரைட்ல எங்களதுன்னு போட்டீங்க, அதைக்கூட நான் கேக்கலை. ஆனா இந்தக் கொடி இப்ப செல்லாது."

தினகரனின் முகம் மாறியதை சுபத்ரா பார்த்தாள். அந்த மனிதருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும்.

"இன்னா சொன்னீங்க?"

"செல்லாதுங்க. பழைய ஐநூறு ரூபா நோட்டு மாதிரி. இருந்தது, ஒத்துக்கறேன். இப்ப இல்லை."

"நோட்டு செல்லலன்னா பேங்க்ல குடுத்து மாத்திக்கலாம் சம்பந்தி. என் பதினஞ்சு வருசத்த எந்த பேங்க்ல குடுத்து மாத்தறது?"

"இதுல சென்டிமென்ட் எதுக்கு வருது? நான் சொல்றது ரூல்."

"ரூலு எனக்குத் தெரியும். நான் மூணு கொடிக்கு சல்யூட் அடிச்சவன். மொதல்ல இது. நடுவுல ஒண்ணு குடுத்தாங்க, நீலத்துல முத்திரை போட்டு. கடல்ல தூரத்துலேர்ந்து பாத்தா வானம் எது கொடி எதுன்னு தெரியாது. அப்பறம் மறுபடி இதே செவப்பு பட்டைய நடுவுல சிங்கம் வெச்சிக் குடுத்தாங்க. எத்த குடுத்தாலும் ஏத்துனேன், ஏன்னு கேக்கல. என் பொண்ணு நிச்சயத்துல மட்டும் எத்த போடணும்னு நான் முடிவு பண்ணக்கூடாதா?"

"பண்ணுங்க. தாராளமா பண்ணுங்க. அது இருக்கிற வரைக்கும் நான் மேடையில உக்கார மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஜெயகிருஷ்ணன் காரிலேயே போய் உட்கார்ந்து ஏ.சி.யைப் போட்டுக்கொண்டார்.

அந்தப் பக்கம் ஜூஸ் கடையில் ஒரு கூட்டம். இந்தப் பக்கம் காருக்குள் ஒரு மனிதர். வாசலில் கையைக் கட்டிக்கொண்டு இவர். சுபத்ராவுக்கு ஒரு நிமிஷம் மூன்று பேரையும் சேர்த்து அந்த ஃப்ளெக்ஸிலேயே சுருட்டி கூவத்தில் போட்டால் என்ன என்று தோன்றியது.

உள்ளே போனாள். காரிலிருந்து இறங்கி நேரே உள்ளே வந்துவிட்டிருந்த சம்பந்தியம்மா சுந்தரவல்லி சமையல் கட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தட்டில் கொஞ்சம் கேசரி வாங்கி வைத்துக்கொண்டு, நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்க சம்பந்தியம்மா. சூடா இருக்கு, நல்லா பண்ணியிருக்காங்க."

"எப்டிங்க உங்குளுக்கு எறங்குது?"

"எனக்குப் பழக்கம். ஜோத்பூர்ல ஒரு தடவை, குவார்ட்டர்ஸ் வாசல்ல பக்கத்து வீட்டுக்காரர் ஷூவைக் காயப்போட்டார்னு இவர் ஒரு மாசம் அவரோட பேசலை. அந்தம்மாவும் நானும் கொல்லைப்பக்கம் உக்காந்து கடுகு எண்ணெயில வடை சுட்டுத் தின்னோம். பதினோரு ஊர் மாத்தினாங்க எங்களை. ஒவ்வொரு ஊர்லயும் பொட்டி கட்டறது நான், பிரிக்கறது நான். இவர் கொடியை மட்டும் பாத்துக்கிட்டார்."

"உங்களயாவது கூட இட்டுகினு போனாரு. என்னிய இங்கயே வுட்டுட்டு பூட்டாரு" என்றாள் சுபத்ரா. "அனு பொறந்தப்ப ஆஸ்பத்திரில எங்கம்மா மட்டும்தான். அவரு வந்து பாக்கறப்ப அது குப்புற கவுந்துகினு கீது. இன்னிக்கி அந்தப் பொண்ணோட நல்ல நாளு. இன்னிக்கும் வாசல்ல கொடிக்குத்தான் காவல் நிக்கறாரு."

சுந்தரவல்லி தட்டைக் கீழே வைத்தாள். "நான் சொன்னா எங்காளு கேக்காது. உங்காளு கேக்குமா?"

"கேக்காது."

"பின்ன?"

அதற்குள் அலங்காரம் பாதி முடிந்த நிலையில் அனுப்பிரியா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். ஒரு காதில்தான் ஜிமிக்கி. கண் மை கலைந்திருந்தது.

"அம்மா, குமரு அவங்க அப்பாகிட்ட கார்ல போய் கெஞ்சிட்டு இருக்கான். பெரியப்பா ஆளுங்க வேன்ல திரும்ப ஏற ஆரம்பிச்சிட்டாங்க. ஏழரைக்கு வாத்தியார் போயிடுவார். இன்னிக்கு நின்னுச்சுன்னா அப்புறம் இந்த ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல உக்கார வைக்க யாராலயும் முடியாதும்மா. எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்."

தெரியும்தான். அதுதான் சுபத்ராவை எழுப்பியது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனாள். தினகரன் அதே இடத்தில், அதே மாதிரி நின்றார். சட்டை முதுகில் வேர்வை ஒட்டியிருந்தது. மேற்கே கிழக்கே என்று இல்லாமல் வானம் முழுக்க மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"ஒண்ணு கேக்கறேன், பதில் மட்டும் சொல்லுங்க" என்றாள். "இந்தக் கொடிய மாத்தச் சொல்லி அன்னிக்கி உங்குளுக்கு ஆர்டர் வந்துது இல்ல. அப்ப இன்னா பண்ணீங்க?"

"எறக்குனேன்."

"யாரு?"

"நான்தான். விசாகப்பட்டணத்துல. கயிறு என் கையிலதான் இருந்துது. எறக்கி, மடிச்சி, ஸ்டோர்ல குடுத்தேன். மறுநா காலைல புதுச ஏத்துனேன்."

"அழுதீங்களா?"

"இல்ல."

"சண்டை போட்டீங்களா? கார்ல போய் உக்காந்தீங்களா? வேன்ல ஏறுனீங்களா?"

கட்டியிருந்த கையை அவர் தளர்த்தினார்.

"எவனோ டெல்லில உக்காந்துகினு சொன்னான், எறக்குனீங்க. இத்தினி வருசமா நான் உங்களுக்கு ஒண்ணுமே ஆர்டர் போட்டதில்ல. கடல்ல கீறேன்னீங்க, சரின்னேன். லீவு இல்லன்னீங்க, சரின்னேன். இப்ப போடறேன். எறக்குங்க. சம்பந்தி சொன்னாருன்னு இல்ல, உங்க அண்ணன் சொன்னாருன்னு இல்ல. நான் சொல்றேன்."

தினகரன் அவளைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"எறக்கறேன் சுபா."

சுபத்ராவுக்கு மூச்சு வந்தது.

"சூரியன் எறங்கட்டும், எறக்கறேன்."

வந்த மூச்சு நின்றுபோயிற்று. "இன்னாது?"

"பகல்ல எறக்கக் கூடாது. காலைல ஏத்துனா சாயங்காலம் சூரியன் எறங்கறப்பதான் எறக்கணும். நடுவுல எறக்குனா சரண்டர்னு அர்த்தம். கப்பல் தோத்துப்போனாத்தான் பகல்ல கொடி எறங்கும். நான் தோத்துப்போயி எறக்க மாட்டேன். நீ சொன்னதுக்காக எறக்கறேன். ஆனா சூரியன் எறங்கட்டும்."

"யோவ், அது ஃப்ளெக்ஸுய்யா" என்றாள் சுபத்ரா. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "பிளாஸ்டிக்கு. கப்பல் எங்க கீது இங்க?"

ஜெயவேலு ரோட்டைப் பாதி தாண்டி வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "டேய், மேகம் மூடிகினு சூரியனே தெரியல. எறங்குச்சா எறங்கலியான்னு யாரக் கேப்ப? உனக்குப் பைத்தியம் கிய்த்தியம் புடிச்சிகிச்சா?"

"அண்ணா, ராகு காலம் கண்ணுக்குத் தெரியுதா?"

"இன்னாடா?"

"ராகு காலம் போவட்டும்னு நீங்க எல்லாரும் ஜூஸ் குடிச்சிகினு நிக்கறீங்க இல்ல? அத்த யாரும் கண்ணால பாக்கல. நானும் அதே மாதிரி நிக்கறேன். உங்குளுது கொஞ்சம் முன்னாடி முடியும், என்னுது கொஞ்சம் பின்னாடி முடியும். அவ்ளோதான்."

ஜெயவேலு வாழ்நாளெல்லாம் காலண்டரில் நல்ல நேரம் பார்க்காமல் ஒரு பத்திரத்தில்கூடக் கையெழுத்துப் போட்டிராத மனிதர். முணுமுணுத்துக்கொண்டே ஜூஸ் கடைக்குத் திரும்பினார். வேனில் ஏறியிருந்த கிழவிகளை இறக்கி பெஞ்சில் உட்காரவைத்தார். சுபத்ரா சமையல்காரரிடம் சொல்லி அத்தனை பேருக்கும் வடையும் காபியும் ரோட்டைத் தாண்டி அனுப்பினாள். சம்பந்தி காருக்கும் ஒரு தட்டு போயிற்று. பசியோடு இருக்கிறவன் கோபத்துக்கு மருந்தே கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

ராகு காலம் முடிந்தது. வாத்தியார் கையிலிருந்த வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேளக்காரர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று லேசாக நாயனச் சீவாளியை ஊதிப் பார்த்துக்கொண்டார்கள். வானம் எப்போதோ இருட்டிவிட்டது. தெருவிளக்குகள்கூட எரிய ஆரம்பித்துவிட்டன. அப்போதும் தினகரன், கணக்குப்படி சூரியன் இறங்க இன்னும் சில நிமிஷம் இருக்கிறது என்று அசையவில்லை. சுபத்ராவுக்கு அழுகை வந்தது; அது துக்கத்தில் வந்ததில்லை, எரிச்சலில் வந்தது.

கார்க் கதவு திறந்தது. ஜெயகிருஷ்ணன் இறங்கி வந்தார். பின்னால் குமரவேல் பதறிக்கொண்டு வந்தான். இன்னொரு சண்டை என்று சுபத்ரா குறுக்கே போகப் பார்த்தாள்.

"பகல்ல இறக்கினா சரண்டர்னு சொன்னீங்களாமே. பையன் சொன்னான்" என்றார் ஜெயகிருஷ்ணன்.

"ஆமா."

"கரெக்ட்தான்." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எங்க பேஸ்லயும் சாயங்காலம் ரிட்ரீட் ஊதறதுக்கு முன்னாடி இறக்க மாட்டோம். ஆனா ஃப்ளெக்ஸுக்கு யாரும் பாக்கிறதில்லை."

"நான் பாக்கறேன்."

"சரி. பாருங்க. ரெண்டு பக்கமும் கயிறு இருக்கு. ஒரு ஆளா எப்படி இறக்குவீங்க? ஒரு பக்கம் சாஞ்சிடும். எங்க கொடியும் அதுலதான் இருக்கு, அதைச் சாய விட முடியாது."

"வேற யாரு கீறாங்க?"

ஜெயகிருஷ்ணன் பதில் சொல்லாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினார். தினகரன் பின்னால் போனார். மழை முதல் தூறலைப் போட்டது. சற்று நேரம் கழித்து மேலே, ஒரு மூலையில் ஒருவராக இரண்டு மண்டைகள் தெரிந்தன. தினகரன் கை வாட்சைப் பார்த்துவிட்டு, ஏதோ ஒரு வார்த்தை சொன்னார். கீழே நின்றவர்களுக்கு அது கேட்கவில்லை.

ஃப்ளெக்ஸ் இறங்கியது. மெதுவாக, இரண்டு பக்கமும் ஒரே அளவாக, ஒரு இடத்திலும் ஆடாமல் இறங்கியது. கீழே ஹில்டா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, இறங்குகிற ஓரம் சேற்றில் படாமல் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள். ஜூஸ் கடைப் பெஞ்சிலிருந்த கிழவிகளில் ஒருத்தி எதற்கென்று தெரியாமலே எழுந்து நின்றாள். அதைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். மேலே இரண்டு கிழவர்களும் கயிற்றை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் விறைப்பாக நின்றார்கள். தூறல் அவர்கள் தலையில் விழுந்தது. இதற்காகவா இத்தனை கூத்து என்று சுபத்ராவுக்கு ஆத்திரமாகவே இருந்தது, ஆனாலும் அவள் முந்தானையை இடுப்பிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

அதற்கப்புறம் எல்லாம் ஓட்டமும் நடையுமாக நடந்தது. ஜெயவேலு முதல் ஆளாக உள்ளே வந்து, அங்கே நடந்ததற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவர் போல முன்வரிசையில் உட்கார்ந்தார். அனுப்பிரியாவுக்கு இன்னொரு ஜிமிக்கி கிடைத்தது. சம்பந்திகள் இருவரும் ஈரத் தலையோடு எதிரெதிரே உட்கார்ந்து தட்டு மாற்றிக்கொண்டார்கள். வாத்தியார் மந்திரத்தைப் பாதி விழுங்கி, ஏழரைக்கு முன்னால் பல்லாவரத்துக்குக் கிளம்பிவிட்டார். பந்தியில் ஜெயகிருஷ்ணன் தினகரனுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, கடலில் காற்று அடிக்கும்போது கொடி கிழியாமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று கேட்டதை சுபத்ரா பரிமாறிக்கொண்டே கேட்டாள். இரண்டு பேரும் அவளை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நன்றி கிடையாது.

வெளியே மழை கொட்டியது. சாப்பிட்டவர்கள் போக வழியில்லாமல் ஹாலிலேயே நின்றார்கள். அப்போது ஹில்டா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தினகரனின் இலைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த சிலுவை போட்ட ஃப்ளெக்ஸு உங்களுக்கு வேணுமா?"

தினகரன் நிமிர்ந்தார்.

"வேணாம்னா நான் எடுத்துனு போவட்டா சார்? ஏரிக்கரையாண்ட குடிசை. கூரை ரெண்டு வருசமா ஒழுவுது. அதுவும் சிலுவை போட்டது தலைக்கு மேல இருந்தா புள்ளைங்களுக்கும் நல்லதுன்னு பாத்தேன்."

சுபத்ரா கரண்டியோடு நின்றுவிட்டாள். இதோ ஆரம்பிக்கப்போகிறது. அது சிலுவை இல்லம்மா, கொடி. ஆர்மி, நேவி, ஏர் ஃபோர்ஸ். மத்தியானத்திலிருந்து நூறு தடவை கேட்டாயிற்று. ஜெயகிருஷ்ணன்கூட சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். எதிர்ப் பந்தியிலிருந்து ஜெயவேலுவின் தலையும் திரும்பியது.

தினகரன் இலையில் இருந்த சாதத்தை விரலால் ஒரு ஓரமாக ஒதுக்கினார்.

"எடுத்துக்கம்மா" என்றார்.

ஹில்டா திரும்பி நாலடி போனாள்.

"ஏம்மா."

சுபத்ராவுக்குத் திக்கென்றது.

"படம் கீற பக்கம் உள்ள வெச்சிக் கட்டு. வெளிய வெச்சா வெயில்ல சாயம் பூடும். உள்ள இருந்தா படுத்துகினு பாக்கலாம்."

"சரி சார்." அவள் போகாமல் அங்கேயே நின்றாள். சாயங்காலம் நடந்ததையெல்லாம் கீழே நின்று கையில் தாங்கினவள் அவள். தயங்கித் தயங்கிக் கேட்டாள். "தெனமும் சூரியன் எறங்கனா எறக்கிடணுமா சார்?"

தினகரன் வாசல் பக்கம் பார்த்தார். வெளியே தகரக் கூரையில் மழை இரைந்தது.

"வேணாம்மா" என்றார். "ராத்திரிலயும் மழ பெய்யும் இல்ல. எறக்காத. அங்கயே கெடக்கட்டும்."

அந்த மனிதர் வாயிலிருந்து ஒரு சட்டம் தளர்ந்து சுபத்ரா அன்றைக்குத்தான் பார்த்தாள். சர்க்கரை வியாதிக்காரர் என்பதையும் மறந்து, அவர் இலையில் இன்னொரு கரண்டி கேசரியை வைத்தாள்.